போன் நிறைய வந்தது, ஆள் அமையவில்லை: வாடகை விளம்பரம் எழுதுவது பற்றி

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரண்டு படுக்கையறை வீடு, விளம்பரம் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது, ஐம்பது அறுபது பேர் போன் செய்துவிட்டார்கள், பதினாலு பேர் வந்து பார்த்தார்கள், ஒருவரும் அமையவில்லை. நல்ல குடித்தனக்காரர் வருகிற மாதிரி எப்படி எழுதுவது? இதுதான் கேள்வி. ஐம்பது போன் வந்திருக்கும்போது விளம்பரம் யார் கண்ணிலும் படவில்லை என்று சொல்ல முடியாது. அதில் நாற்பது போன் குறைந்தால்தான் உங்களுக்கு நிம்மதி. வீடு ஒத்துவராத ஆள், உங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே, இருந்த இடத்தில் இருந்தபடி ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று நகர்ந்துவிட வேண்டும். அதை எழுத்தால் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் முடியும்.

அடுத்தவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டு, பார்த்துக்கொள்கிற வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் நானே ஏழு வாடகை வீடு மாறியவன், அதனால் இரண்டு பக்கத்து எரிச்சலும் தெரியும். கீழே சொல்வதில் சிலவற்றை அடித்துச் சொல்வேன், சிலவற்றை என் அனுபவத்தில் அப்படிப் பட்டது என்று மட்டும்தான் சொல்ல முடியும். எது எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதில் நான் சொல்வதை வைத்து எதுவும் செய்யாதீர்கள், உங்கள் ஊர் வக்கீலைக் கேளுங்கள்.

நீங்கள் போட்ட விளம்பரத்தையும் சேர்த்தே தந்திருந்தது நல்லதாகப் போயிற்று. “அழகான, காற்றோட்டமான, விசாலமான இரண்டு படுக்கையறை வீடு. எல்லா வசதிகளும் அருகில். நியாயமான வாடகை. நல்ல குடும்பத்தினர் மட்டும் தொடர்பு கொள்ளவும்.” இதில் ஒரு பொய் கூட இல்லை என்று நம்புகிறேன். ஆனால் ஒரு தகவலும் இல்லையே. அழகான என்பதை எல்லா வீட்டுக்காரரும் எழுதுகிறார்கள், தன் வீட்டை அசிங்கமான வீடு என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை. விசாலம் என்றால் எத்தனை அடி? நியாயமான வாடகை என்றால் யார் கணக்கில் நியாயம்? ஒருமுறை ஒரு வீட்டுக்கு வந்த போன்களில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனையாவது மாடி, வண்டி நிறுத்த இடம் உண்டா, எப்போதிலிருந்து காலி. ஏறக்குறைய எல்லாரும் இந்த ஐந்தைத்தான் கேட்டார்கள், பதில் கிடைத்ததும் பாதிப்பேர் ‘சரிங்க, சொல்றேன்’ என்று வைத்துவிட்டார்கள். விளம்பரத்தில் ஐந்து வரி எழுதியிருந்தால் அந்தப் பாதிப்பேரிடம் நான் பேசியே இருக்க வேண்டாம்.

அடுத்து, நல்ல குடித்தனக்காரர் என்பவர் யார். வாடகையைத் தேதி தவறாமல் தருபவர், குழாய் ஒழுகினால் சுவர் ஊறும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்பவர், ஒன்றிரண்டு வருடமாவது இருப்பவர், போகும்போது முறையாக முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறவர். என் கணக்கில் இவ்வளவுதான். இப்படிப்பட்டவர் பெரும்பாலும் இன்னொரு வீட்டில் இப்போது ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பார். அவருக்குத் தலைபோகிற அவசரம் இருக்காது, நேரமும் இருக்காது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனில் முப்பது விளம்பரம் பார்ப்பார், நாலைந்தைக் குறித்துவைத்து விடுமுறை நாளில் போய்ப் பார்ப்பார். விவரம் இல்லாத விளம்பரத்தை அவர் தள்ளிவிடுவார், ஏனென்றால் அவருக்குத் தேர்ந்தெடுக்க வேறு வீடு இருக்கிறது. வேறு எங்கும் அமையாமல் எல்லா எண்ணுக்கும் வரிசையாகப் போன் செய்துகொண்டிருப்பவர் மட்டும் தள்ளமாட்டார். ஆக, விவரம் குறைந்த விளம்பரம் சல்லடையைத் தலைகீழாகப் பிடிக்கிறது. அவசரத்தில் இருப்பவர் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை, அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. உங்கள் முன் வந்து நிற்கும் வரிசையின் கலவை மாறிவிடுகிறது என்கிறேன்.

இதை நான் அனுபவத்தில் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, பொருளியல் படித்த என் மகள் சிரித்தாள். 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொல்லிவிட்டாராம்: நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுவாந்தர விலைதான் கிடைக்கும், அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், கடைசியில் சந்தையில் ஓட்டைதான் மிஞ்சும். அதற்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. வாடகையில் இது இரண்டு பக்கமும் நடக்கிறது. வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முதலில் யாராவது ஒருவர் திறந்து காட்ட வேண்டும், விளம்பரம் உங்கள் கையில் இருப்பதால் அது நீங்கள்தான்.

சரி, எழுதுவதற்கு வருவோம். முதல் வரியில் பெயரடை எதுவும் வேண்டாம். போன் திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மறைந்துவிடும், அந்த இடத்தில் ‘அழகான’ உட்கார்ந்திருந்தால் வாடகை உள்ளே போய்விடுகிறது. எத்தனை அறை, எந்த மாடி, லிஃப்ட் உண்டா இல்லையா, உள் அளவு எத்தனை சதுர அடி, எந்தத் தேதியிலிருந்து, வாடகை எவ்வளவு. இது முதல் வரி. சதுர அடியில் ஒரு குழப்பம் உண்டு: சுவருக்கு உள்ளே இருக்கும் தரையின் அளவு வேறு, சுவர், பால்கனி, பொதுப் படிக்கட்டில் உங்கள் பங்கு எல்லாம் சேர்த்த அளவு வேறு. பத்திரத்தில் இருக்கும் பெரிய எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். வருபவர் உள்ளே கால் வைத்ததும், சின்னதாக இருக்கிறதே என்று நினைப்பார், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் முழுதாக நம்பமாட்டார்.

அறை அளவை அடியில் எழுதுங்கள், இதை அடித்துச் சொல்வேன். டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு அரைமணி நேரம் செலவழித்தால் போதும். ஏன் என்றால், இரட்டைப் படுக்கை மெத்தையில் பரவலாக விற்கும் ஓர் அளவு 5 அடிக்கு 6 அடி 8 அங்குலம். உங்கள் அறை 10க்கு 11 என்று வையுங்கள். பத்தடிச் சுவரில் தலைமாட்டை வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி, கால்மாட்டில் நாலடி சொச்சம் மிஞ்சும். கால்மாட்டில் இரண்டடி ஆழமுள்ள பீரோவை நிறுத்தினால் நடுவில் இரண்டடி சொச்சம்தான் வழி. பீரோ கதவைத் திறந்தால் அதுவும் போச்சு. சொந்தமாகச் சாமான் வைத்திருக்கும் ஆள் இந்தக் கணக்கைத் தன் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுவார். வந்து பார்த்த பதினாலு பேரில் எத்தனை பேர் கட்டில் போகுமா என்று கையை விரித்து விரித்துப் பார்த்தார்கள், யோசித்துப் பாருங்கள்.

அளவில் படிக்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்றாம் மாடி வீடு ஒன்று, எல்லாம் பேசி முடித்து, சாமான் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர்களுடைய ஃப்ரிட்ஜ் இரண்டாவது மாடித் திருப்பத்தில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கைப்பிடிக் கம்பியைக் கழற்றலாமா என்று வரைக்கும் பேச்சுப் போனது. கடைசியில் ஃப்ரிட்ஜ் கீழே ஒரு சந்தில் நான்கு நாள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது, அப்புறம் அவர்கள் அதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினார்கள். நல்ல மனிதர்கள், சண்டை போடவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு கோடையிலும் அந்த ஃப்ரிட்ஜ் பேச்சு வரும். அதன்பின் எந்த வீட்டுக்கும் படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் வாசல் நிலையின் அகலத்தையும் எழுதாமல் விட்டதில்லை.

இனி, எந்த வீட்டுக்காரருக்கும் பிடிக்காத பகுதி. வீட்டின் குறையை விளம்பரத்திலேயே எழுதுங்கள். இதைச் சொன்னால், ‘நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க’ என்று என்னையே கேட்டவர்கள் உண்டு. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சரிசெய்யக்கூடியது எதுவும் குறை என்ற கணக்கில் வராது. ஒழுகும் குழாய், கொக்கி பிடிக்காத ஜன்னல், குளியலறையில் பூஞ்சைக் கறை, இவற்றை எழுத வேண்டாம், ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு விளம்பரம் போடுங்கள். மாற்ற முடியாததைத்தான் எழுத வேண்டும். மேற்குப் பார்த்த படுக்கையறையா, மதியத்துக்கு மேல் வெயில் அடித்துச் சுவர் இரவு வரைக்கும் சூடாக இருக்கும், எழுதுங்கள். சாலைச் சத்தமா, எத்தனை மணிக்கு எத்தனை மணி என்று எழுதுங்கள். என்னிடம் ஒரு வீடு இருந்தது, பள்ளிக்கூடத்தை ஒட்டியது. காலையில் எட்டரைக்கு மணி, அப்புறம் ஒலிபெருக்கி, இடைவேளைக்கு இடைவேளை ஒரே கூச்சல். இதை மறைத்து இரண்டு முறை வாடகைக்கு விட்டோம், இரண்டு பேருமே வருடம் முடியுமுன் காலி செய்தார்கள். மூன்றாவது முறை அப்பட்டமாக எழுதினேன்: பள்ளிக்கூடம் சுவரை ஒட்டி இருக்கிறது, காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை சத்தம் இருக்கும், மாலைக்குப் பிறகும் விடுமுறை நாளிலும் தெருவிலேயே அமைதியான வீடு இதுதான். போன் குறைந்தது, ஏழோ எட்டோதான் வந்தது. அதில் ஒருவர், கணவன் மனைவி இருவரும் காலை ஏழுக்கே கிளம்பி மாலை ஆறுக்கு வருபவர்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் இல்லவே இல்லை. ஐந்து வருடம் இருந்தார்கள்.

வீட்டின் குறை உங்களுக்கே முழுசாகத் தெரியாது என்பது இன்னொரு விஷயம். நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை, அல்லது குடியிருந்து வருடங்கள் ஆகிவிட்டன. காலி செய்துவிட்டுப் போகிறவரிடம் சாவி வாங்கும்போது, கணக்கெல்லாம் முடிந்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அதற்கு முன்னால் கேட்டால் உண்மை வராது, மூன்று கேள்வி கேட்பேன். இந்த வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது, தினம் எரிச்சல் மூட்டியது எது, அடுத்து வருபவருக்கு எதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு அம்மா சொன்னார், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் ஹாலில் மின்விசிறியே வேண்டாம், ஆனால் பக்கத்து வீட்டுச் சமையல் வாசமும் கூடவே வரும் என்று. இரண்டையும் அப்படியே எழுதினேன். எந்தக் கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து யோசித்தாலும் அப்படி ஒரு வரி வராது. காற்றோட்டமான என்று நீங்கள் எழுதிய சொல்லுக்குப் பதில் இப்படி ஒரு வரி இருந்தால் படிப்பவர் நம்புவார்.

வாடகைத் தொகையை எழுதுவதா வேண்டாமா என்று கேட்கவே கேட்காதீர்கள், எழுதுங்கள். எவ்வளவு என்பதில்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8.3 சதவீதம் போய்விடுகிறது. வாடகையில் 5 சதவீதம் குறைத்தால் வருடத்துக்கு 0.6 மாத வாடகை, நாள் கணக்கில் 18 நாள். ஆக, அந்த ஐந்து சதவீதத்துக்காகப் பிடிவாதம் பிடித்து 18 நாளுக்கு மேல் காலியாகப் போட்டால், அந்த வருடத்துக்கு நஷ்டம் உங்களுக்குத்தான். உங்கள் வீடு மூன்று வாரமாகக் காலி, அதாவது 21 நாள். இந்தக் கணக்கில் சந்தேகமில்லை. சந்தேகமான இடம் அடுத்தது: சந்தை வாடகையைவிடக் கூடுதலாகக் கேட்டால், அதற்கும் பேரம் பேசாமல் உடனே சரி என்பவரைப் பற்றி நான் கொஞ்சம் யோசிப்பேன். வேறு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னவராக இருக்கலாம். அல்லது குழந்தையின் பள்ளி பக்கத்தில் என்பதற்காகக் கூடுதல் கொடுக்கிறவராகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன், விதியாகச் சொல்ல முடியாது. ரொம்பக் குறைத்துப் போட்டாலும் ஆபத்துதான், மோசடி விளம்பரம் என்று நினைத்து நல்ல ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

வாடகையோடு மற்ற காசையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். முன்பணம் எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா, மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, தண்ணீருக்கு யார் கட்டுவது, வாடகை எப்போது உயரும், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வர்ணம் பூசப் பிடித்தம் உண்டா. கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறைப்பார்கள், அதில்தான் பிற்பாடு மனக்கசப்பு வரும்.

“நல்ல குடும்பத்தினர் மட்டும்” என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒன்று, தன்னை நல்லவர் இல்லை என்று நினைத்துக்கொண்டு யாரும் போன் செய்யாமல் இருக்கமாட்டார்கள். இரண்டு, பல நாடுகளில் மதம், இனம், குழந்தைகள் இருப்பது, உடல் ஊனம் போன்றவற்றைக் காரணமாக வைத்து வீடு மறுப்பது சட்டமீறல். சில இடங்களில் அப்படி விளம்பரத்தில் எழுதுவதே தனி மீறல். சட்டத்தை விடுங்கள், எந்த வகை மனிதர் என்று எழுதுவதால் உங்களுக்கு வேண்டியது கிடைப்பதும் இல்லை. நான் பார்த்தவரை வாடகை பாக்கி வைத்ததில் குடும்பஸ்தர்களும் உண்டு, தனி ஆட்களும் உண்டு. மனிதரை விட்டுவிட்டு நடத்தையை எழுதுங்கள்: இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, ஏனென்றால் கீழ் வீட்டில் வயதானவர்கள், சுவரில் ஆணி அடிக்கலாம், துளை போட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், செல்லப்பிராணிக்குச் சரி, அல்லது சரியில்லை. காரணத்தையும் சேர்த்து எழுதினால் அதிகாரத் தொனி குறையும். அப்புறம், ‘கூடாது’ ஐந்தாறுக்கு மேல் போனால் அந்த வீட்டுக்காரர் தினம் வந்து கதவைத் தட்டுவார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எனக்கே தோன்றும்.

படங்கள். பகல் வெளிச்சத்தில், திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, அறையின் மூலையில் நின்று, போனை மார்பு உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள், சுவர்க்கோடுகள் சாயாமல் நிற்கும். போனில் 0.5 என்று காட்டுகிற அகல லென்ஸில் எடுக்க வேண்டாம், பத்தடி அறை பதினைந்து அடி போலத் தெரியும், நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாந்துபோவார். கழிப்பறை மூடியை மூடிவிட்டு எடுங்கள். பழைய குடித்தனக்காரரின் சோபா படத்தில் இருந்தால் அது வீட்டோடு வராது என்று எழுதுங்கள், இல்லையென்றால் வருமா என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வெளியே தெரிவது ஒரு படம், படிக்கட்டு ஒரு படம், வண்டி நிறுத்துமிடம் ஒரு படம். வாசலிலிருந்து சமையலறை வரை நிறுத்தாமல் நடந்து எடுத்த ஒரு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, வீட்டின் அமைப்பு படத்தைவிட அதில் நன்றாகப் புரியும்.

படம் போடும்போது கொஞ்சம் ஜாக்கிரதையும் வேண்டும். உங்கள் படங்களை எடுத்து, பாதி வாடகை என்று வேறொரு பெயரில் விளம்பரம் போட்டு, பார்க்க வருமுன்பே டோக்கன் பணம் கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் கதவு எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள், தெரு அளவோடு நிறுத்துங்கள். சாவிக்கொத்தை மேசையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள், தெளிவான படத்தை வைத்துச் சாவி செய்துவிட முடியும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம், மூலப் படத்தைத் தெரியாதவருக்கு அப்படியே அனுப்புவதற்கு முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள். மறுபக்கம், நல்ல குடித்தனக்காரரும் இதே மோசடிக்குப் பயந்துகொண்டுதான் உங்கள் விளம்பரத்தைப் படிக்கிறார். ‘வீட்டை நேரில் பார்த்து, ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான் பணம்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

விளம்பரத்தின் கடைசியில் ஒரு சின்ன வேலை கொடுப்பேன்: ‘எத்தனை பேர் குடிவருவீர்கள், எந்தத் தேதியில் வர விருப்பம், இரண்டையும் செய்தியில் எழுதுங்கள்.’ முழுசாகப் படித்தவர்கள் எழுதுவார்கள், படிக்காதவர்கள் ‘இன்னும் இருக்கா?’ என்று மட்டும் அனுப்புவார்கள். ரொம்ப நாள் இதை ஒரு பரீட்சை மாதிரி நம்பிக்கொண்டு, இரண்டாவது வகையை அப்படியே ஒதுக்கிவிடுவேன். ஒருமுறை வேறு யாரும் வராததால் ‘இன்னும் இருக்கா’ ஆள் ஒருவருக்குப் பதில் போட்டேன். லாரி ஓட்டுபவர், நிறுத்தத்தில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருக்கிறார். ஆறு வருடம் இருந்தார், வாடகை ஒரு நாள் தள்ளியதில்லை. அதிலிருந்து, எழுதியவர்களுக்கு முதலில் பதில், எழுதாதவர்களுக்குக் கொஞ்சம் கழித்துப் பதில், அவ்வளவுதான். இந்த உத்தி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆளை எடைபோடுமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

உங்கள் வீட்டுக்கே ஒன்று எழுதிப் பார்க்கிறேன், நீங்கள் சொல்லாத அளவுகளை நானே போட்டுக்கொள்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள். “2 படுக்கையறை, இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, உள் அளவு 650 சதுர அடி, அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல், வாடகை இவ்வளவு. முன்பணம் இவ்வளவு, பராமரிப்பு தனியாக இவ்வளவு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர். ஹால் 11க்கு 16, பெரிய அறை 11க்கு 12, சின்ன அறை 9க்கு 10. சின்ன அறையில் இரட்டைக் கட்டிலும் மேசையும் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்காது. படிக்கட்டுத் திருப்பம் மூன்றடி அகலம். ஹாலில் காலை வெயில் வரும், பெரிய அறை மேற்குப் பார்த்தது, கோடையில் சாயங்காலம் சூடாக இருக்கும். ஒரு இருசக்கர வண்டிக்கு இடம் உண்டு, காருக்கு இல்லை. சமையலறைக் குழாய்களும் கழிவறைத் தொட்டியும் இந்த மாதம் மாற்றியவை. இரவு பத்துக்கு மேல் அமைதி வேண்டும், கீழ் வீட்டில் குழந்தை இருக்கிறது. பழுது எதுவானாலும் செய்தி அனுப்பினால் இரண்டு நாளில் ஆள் வரும். காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். பார்க்க வரும் நேரம் சனி, ஞாயிறு காலை. எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுதுங்கள்.” படிக்க அழகாக இல்லை, தெரியும். ‘இரண்டு நாளில் ஆள் வரும்’ என்பதை மட்டும் செய்ய முடிந்தால் போடுங்கள். ஏற்கெனவே மோசமான வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டு நல்ல வீடு தேடுகிறவர் அந்த ஒரு வரிக்காகவே வருவார்.

போட்ட பிறகு ஒரு வாரம் பாருங்கள். போனே வரவில்லை என்றால் பெரும்பாலும் வாடகைத் தொகை, இல்லையென்றால் முதல் படம். போன் வருகிறது, யாரும் பார்க்க வரவில்லை என்றால் விளம்பரத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது, போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விதான் அது, அதை எழுதிச் சேருங்கள். வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால் விளம்பரம் வீட்டைவிட நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பூட்டிக்கிடந்த வீட்டின் வாடை, சாக்கடை நாற்றம், இருட்டுப் படிக்கட்டு மாதிரி படத்தில் வராத ஒன்று இருக்கும், வெளி ஆள் ஒருவரை அழைத்துப் போய் நடக்கச் சொல்லுங்கள், உங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது. உங்களுடையது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தொங்குவது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

விளம்பரத்தால் முடியாததும் உண்டு. ஒருவர் வாடகையை ஒழுங்காகத் தருவாரா என்பதை எந்த வரியும் சொல்லித் தராது. அதற்கு வருமானச் சான்று, அடையாளச் சான்று, முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவரிடம் கேட்பது நல்லது; இப்போதையவர் ஆளை அனுப்பிவிடும் அவசரத்தில் புகழ்ந்து தள்ளலாம். அதையெல்லாம் செய்தும் நான் ஏமாந்திருக்கிறேன், இரண்டு முறை.

கடைசியாக ஒன்று. ஆள் முடிவாகி முன்பணம் கை மாறிய அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், எடுப்பதற்கு முன் எழுத்து, படம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நகல் எடுத்து, வந்தவருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். போன வருடம் ஒரு வீட்டில் காலி செய்யும் நாளில், சமையலறை அலமாரிக் கதவில் இருந்த கீறல் முன்பே இருந்ததா இல்லையா என்று பேச்சு வந்தது. அவரும் நானும் ஆளுக்கொரு போனை எடுத்து அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்பே இருந்திருக்கிறது. அவர் சிரித்துவிட்டார், நான் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.